டெசிபலஸ்: ரோமை இருபது வருடம் இழுத்தடித்த டேசிய மன்னன் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ரோம் நகரின் நடுவில் டிராஜன் தூண் நிற்கிறது. கி.பி. 113-ல் திறக்கப்பட்டது. கயிறு சுற்றியதுபோல அடியிலிருந்து உச்சிவரை ஒரே சிற்பப் பட்டை. அதில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட மனித உருவங்கள். பேரரசன் டிராஜன் மட்டும் அறுபது தடவைக்குக் கிட்ட வருகிறான். எதிராளி சில இடங்களில்தான் வருகிறான். ஆனால் கதையே அந்த எதிராளியைப் பற்றியதுதான். டெசிபலஸ் என்ற பெயரை முதல்முறை கேட்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

யார் இந்த டெசிபலஸ்?

டேசியா நாட்டின் கடைசி மன்னன். கி.பி. 80-களின் நடுவில் பட்டத்துக்கு வந்து 106-ல் செத்தான். அவனுக்கு முன் ஆண்ட டூரஸ், 'என்னைவிட நீதான் இதற்குத் தகுதி' என்று தானாகவே அரசை அவனிடம் ஒப்படைத்ததாக ரோமானிய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதுகிறார். அண்ணன் தம்பி கழுத்தறுப்பு இல்லாமல் கைமாறிய சிம்மாசனம். அந்தக் காலத்தில் இதுவே ஒரு செய்திதான்.

டியோ அவனைப் பற்றிச் சொல்லும் பாராட்டு இன்னும் முக்கியமானது. எப்போது பாய வேண்டும், எப்போது பின்வாங்க வேண்டும் என்று அறிந்தவன். பதுங்கித் தாக்குவதிலும் நேருக்கு நேர் நிற்பதிலும் கைதேர்ந்தவன். வெற்றியைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்தவன். தோல்வியைச் சமாளிக்கவும் தெரிந்தவன். கடைசி வரிதான் எனக்கு அவனுடைய சாவி. வீரத்தால் நிமிர்ந்து நின்று செத்த அரசர்கள் ஏராளம். தோற்றுக்கொண்டே இருபது வருடம் தாக்குப்பிடிக்க வேறொரு மூளை வேண்டும்.

டேசியா எங்கே இருந்தது?

பெரும்பாலும் இன்றைய ருமேனியா. தெற்கே டான்யூப் ஆறு, நடுவில் வில்லாக வளைந்த கார்பேத்திய மலைகள், அதற்குள்ளே டிரான்சில்வேனியா. டான்யூபைத் தாண்டினால் ரோமின் மோசியா மாகாணம்.

தலைநகர் சார்மிசெகெதூசா ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில், ஒராஸ்டியே மலைக் காட்டுக்குள் இருந்தது. நம் கணக்கில் குன்னூரைவிட அறுநூறு மீட்டருக்குக் கிட்டத் தாழ்வு. ஆனால் குளிர்காலத்தில் பனி மூடிவிடும். மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டித் தளமாக்கி, வீடுகளும் பட்டறைகளும் கோயில்களும் கட்டியிருந்தார்கள். சுற்றியுள்ள மலைகளிலெல்லாம் காவல் கோட்டைகள். செதுக்கிய கல்லால் இரண்டு சுவர்கள் எழுப்பி, இரண்டையும் மர உத்தரங்களால் பிணைத்து, இடையில் கல்லும் மண்ணும் கொட்டி நிரப்புவது அவர்கள் பாணி. உத்தரத்தின் முனை கல்லில் கழன்று வராதபடி புறா வால் வடிவில் காடி வெட்டியிருப்பார்கள். இன்றைக்கும் அந்தக் கற்களில் காடி தெரிகிறது.

இரும்பு, தங்கம், வெள்ளி எல்லாம் அந்த மலைகளில் உண்டு. வினையே அங்கிருந்துதான்.

சண்டையை யார் தொடங்கினார்கள்?

இந்தச் சுற்றில் டேசியர்கள்தான். 85-86 குளிர்காலத்தை ஒட்டி டான்யூபைக் கடந்து மோசியாவுக்குள் புகுந்தார்கள். மாகாண ஆளுநர் ஒப்பியஸ் சபைனஸ் கொல்லப்பட்டான். பேரரசன் டொமிஷியன் தானே கிளம்பி வந்தான். அவர்களை ஆற்றுக்கு அப்பால் விரட்டியாயிற்று. அப்புறம் தன் மெய்க்காவல் படைத் தலைவன் கொர்னேலியஸ் ஃபஸ்கஸை டேசியாவுக்குள் அனுப்பினான்.

ஃபஸ்கஸ் வருகிறான் என்று தெரிந்ததும் டெசிபலஸ் ஒரு தூது அனுப்பினான்: 'ஒவ்வொரு ரோமானியனும் வருடத்துக்கு இரண்டு ஒபோல் எனக்குக் கட்டினால் சமாதானம். இல்லையென்றால் போர்.' ஆறு ஒபோல் சேர்ந்தால் ஒரு திராக்மா. அதாவது தலைக்கு இரண்டணா எடுத்து வை என்பது மாதிரி. வேண்டுமென்றே சில்லறைக்காசாகக் கேட்ட நக்கல் இது. ஃபஸ்கஸ் மலைக்குள் நுழைந்தான், படையோடு அழிந்தான். அவன் படையின் கொடியும் போர்ப் பொறிகளும் டேசியர் கையில் சிக்கின. பதினைந்து வருடம் கழித்து டிராஜன் ஒரு மலைக்கோட்டையைப் பிடித்தபோதுதான் அவை கிடைத்தன.

ரோம் அவனுக்குக் கப்பம் கட்டியது என்கிறார்களே, உண்மையா?

பெயர் வேறு, பொருள் அதுதான்.

88-ல் டெட்டியஸ் ஜூலியானஸ் என்ற தளபதி தாபே கணவாயில் டேசியரைத் தோற்கடித்தான். டெசிபலஸுக்கு அடுத்த நிலையில் இருந்த வெசினா பிணங்களோடு பிணமாகப் படுத்துக் கிடந்து இரவில் எழுந்து தப்பினான் என்றால் அடி எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தலைநகருக்கு வழி திறந்து கிடந்தது. ரோமானியர் உடனே வந்துவிடுவார்கள் என்று பயந்த டெசிபலஸ், வழியிலிருந்த மரங்களை ஆள் உயரத்துக்கு வெட்டி, அடிமரங்களுக்குக் கவசம் மாட்டி நிறுத்தினானாம். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு ஒரு படையே அணிவகுத்து நிற்பதுபோலத் தோன்ற வேண்டும். நம்மூர் வயல் பொம்மை வித்தைதான். காக்காய்க்குப் பதில் ரோமானியன்.

பொம்மை காப்பாற்றியதோ இல்லையோ, காலம் காப்பாற்றியது. 89-ல் ஜெர்மானிய எல்லையில் சட்டர்னினஸ் என்ற ஆளுநர் கலகம் செய்தான். பக்கத்தில் மார்க்கோமன்னி இனத்தார் டொமிஷியனைத் தோற்கடித்தார்கள். டொமிஷியனுக்கு அவசரமாக ஒரு சமாதானம் தேவைப்பட்டது. டெசிபலஸ் நேரில் போகவே இல்லை. டியேகிஸ் என்பவனை அனுப்பினான். டொமிஷியன் அவன் தலையில் மகுடம் வைத்தான், 'டேசியாவுக்கு அரசனைக் கொடுப்பது நான்தான்' என்று காட்டிக்கொள்ள. காகிதத்தில் டேசியா ரோமுக்கு அடங்கிய நாடு. நடைமுறையில் ரோமிலிருந்து பணம் போனது, இனியும் தருவதாக வாக்குறுதி போனது, போருக்கும் அமைதிக்கும் வேண்டிய எல்லாத் தொழில்களுக்கும் ஆட்கள் போனார்கள். அந்தத் தொழிலாளிகளை வைத்துக்கொண்டு டெசிபலஸ் என்ன செய்திருப்பான்? கோட்டையைப் பலப்படுத்தினான். போர்ப் பொறிகள் செய்தான். ரோமானியப் படையிலிருந்து ஓடிவந்தவர்களையும் சேர்த்துக்கொண்டான். எதிரியின் செலவில் எதிரிக்கு எதிராகத் தயாரானான்.

அப்படியென்றால் டிராஜன் ஏன் போரை மறுபடி தொடங்கினான்?

வருடா வருடம் பணம் கொடுப்பது அவனுக்கு உறுத்தியது. டேசியர்களின் பலமும் திமிரும் கூடுவதைப் பார்த்தான் என்கிறார் டியோ. மலையில் இருந்த தங்கத்தைப் பற்றி அவர் இந்த இடத்தில் பேசவில்லை. நாம் பேசலாம்.

101-ல் படை கிளம்பியது. டான்யூபின் குறுகலான மலையிடுக்கில் பாறையைக் குடைந்து ஏற்கெனவே பாதை போட்டாயிற்று. அதற்கான கல்வெட்டுப் பலகை இன்றும் செர்பியக் கரையில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் அங்கே அணை கட்டியபோது, மூழ்காமலிருக்கப் பாறையோடு வெட்டி மேலே உயர்த்தி வைத்தார்கள்.

காளானில் எழுதி அனுப்பிய கடிதம் என்கிறார்களே, அது என்ன?

டிராஜன் தாபேயை நெருங்கும்போது ஒரு பெரிய காளானைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதன்மேல் லத்தீனில் எழுத்து: 'பர்ரி இனத்தாரும் மற்ற நண்பர்களும் சொல்கிறோம், திரும்பிப் போய்விடு, சமாதானமாக இரு.' டியோவின் குறிப்பில் இதற்கு மேல் விளக்கமில்லை. மரத்தில் பலகைபோல் முளைக்கும் கெட்டிக் காளானாக இருந்தால் கத்தி முனையால் எழுதலாம் என்பது என் ஊகம். டிராஜன் கேட்கவில்லை. தாபேயில் நடந்த சண்டையில் ரோமானியருக்கும் அடி பலம். காயக்கட்டுத் துணி தீர்ந்துபோய் டிராஜன் தன் உடையையே கிழித்துக் கொடுத்தான் என்று கதை உண்டு.

டேசியர்களின் ஆயுதம் ரோமானியரைப் பயமுறுத்தியதாமே?

அரிவாள். லத்தீனில் ஃபால்க்ஸ். வீச்சரிவாள் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை; வளைவின் உள்பக்கம்தான் வெட்டு வாய். பெரியதை இரண்டு கையாலும் பிடித்து வீசுவார்கள். கேடயத்துக்கு மேலாக வந்து தலைக்கவசத்தைப் பிளக்கும். இதைத் தாங்க ரோமானியர்கள் தங்கள் தலைக்கவசத்தின் உச்சியில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு இரும்புப் பட்டைகளை அறைந்துகொண்டார்கள். மணிக்கட்டிலிருந்து தோள்வரை கைக்கவசமும் போட்டார்கள்.

இன்னொன்று அவர்கள் கொடி. ஓநாய்த் தலை, பின்னால் பாம்புபோல் துணி உடல். குதிரை ஓடினால் காற்றுப் புகுந்து துணி உப்பும், ஊளைச் சத்தம் வரும். பிற்காலத்தில் ரோமானியரே இந்த மாதிரிக் கொடியை எடுத்துக்கொண்டார்கள்.

102-ல் டெசிபலஸ் சரணடைந்துவிட்டானே? மறுபடி ஏன் போர்?

சரணடைந்தான், ஆமாம். அதற்கு முன் ஒரு முயற்சி செய்து பார்த்தான். 101-102 குளிர்காலத்தில் ரொக்சோலானி என்ற இனத்தாரின் குதிரைப்படையைக் கூட்டுச் சேர்த்து, டான்யூபின் கீழ்ப்பகுதியில், டிராஜன் இல்லாத இடத்தில் புகுந்தான். மலையில் உட்கார்ந்து அடி வாங்குவதற்குப் பதில் எதிரியின் வீட்டுக் கொல்லைப்புறத்தில் தீ வைக்கும் வேலை. யோசனை நல்ல யோசனை. ஆனால் டிராஜன் படையோடு ஆற்று வழியே வந்து முறியடித்தான். அந்த வட்டாரத்தில், இன்றைய அதாம்கிளிசியில், பிறகு ஒரு பெரிய வெற்றி நினைவுச்சின்னம் எழுந்தது. இன்னொரு படைத்தலைவன் டெசிபலஸின் சகோதரியையே பிடித்துவிட்டான்.

நிபந்தனைகள் கடுமை: ஆயுதங்களையும் பொறிகளையும் பொறி செய்பவர்களையும் ஒப்படைக்க வேண்டும், ஓடிவந்தவர்களைத் திருப்பித் தர வேண்டும், கோட்டைகளை இடிக்க வேண்டும், பிடித்த நிலத்தை விட வேண்டும். டெசிபலஸ் நேரில் வந்து டிராஜன் காலடியில் தரையில் விழுந்து வணங்கினான்.

அங்கே விழுந்தவன் எழுந்ததும் செய்த முதல் வேலை, இடித்ததைத் திரும்பக் கட்டியது. ஆயுதம் சேர்த்தான், ஓடிவந்தவர்களைச் சேர்த்தான், அக்கம்பக்கத்து இனத்தாருக்கு 'என்னைத் தனியாக விட்டால் அடுத்தது நீங்கள்' என்று தூது விட்டான். ரோமானிய எழுத்தாளர்களுக்கு இது வாக்குத் தவறியவனின் துரோகம். 89-ல் கிடைத்த சமாதானத்தையும் அவன் இப்படித்தான் பயன்படுத்தினான் என்பதை நினைத்தால், அவனுக்குச் சமாதானம் என்பது போரின் ஒரு பகுதி. 105-ல் மறுபடி வெடித்தது.

லாங்கினஸ் விவகாரம் என்ன?

டேசியாவில் ரோமானியப் படைக்குத் தலைமை தாங்கியவன் லாங்கினஸ். பேச்சுவார்த்தைக்கு என்று அழைத்து டெசிபலஸ் அவனைப் பிடித்து வைத்துக்கொண்டான். 'டான்யூப் வரை உள்ள நிலத்தைக் கொடு, போர்ச்செலவைக் கொடு, ஆளைத் தருகிறேன்' என்று டிராஜனுக்குக் கடிதம். டிராஜன் பிடிகொடுக்காமல் பதில் எழுதினான். லாங்கினஸ் பெரிய ஆள், ஆனால் விலை கொடுத்து மீட்கும் அளவுக்கு இல்லை என்று காட்டும் பதில்.

சிக்கலைத் தீர்த்தவன் லாங்கினஸே. சமரசம் பேசுகிறேன் என்று சொல்லித் தன் விடுதலை பெற்ற அடிமையை டிராஜனிடம் அனுப்பிவிட்டு, அவன் மூலம் முன்பே வாங்கி வைத்திருந்த விஷத்தை இரவில் குடித்துவிட்டான். டெசிபலஸ் கையில் மிஞ்சியது பிணம். அதையும் விடவில்லை: 'அந்த வேலையாளைத் திருப்பி அனுப்பு, பிணத்தையும் பத்துக் கைதிகளையும் தருகிறேன்' என்று பேரம் பேசினான். டிராஜன் மறுத்தான். அதே சமயத்தில் டிராஜனைக் கொல்ல ஆள் அனுப்பிய முயற்சியும் தோற்றது. இந்தப் பகுதியில் டெசிபலஸ் மேல் எனக்குப் பெரிய மரியாதை வருவதில்லை. பேச அழைத்தவனைப் பிடிப்பது எந்த ஊரிலும் அசிங்கம்தான்.

டான்யூப் பாலம் பற்றி?

103 முதல் 105-க்குள் டமாஸ்கஸைச் சேர்ந்த அப்பல்லோடோரஸ் கட்டியது. ஆற்றில் இருபது கல்தூண்கள், மேலே மர வளைவுகள், ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். படகுப் பாலம் போட்டுக் கடந்து திரும்புகிற படையெடுப்பு இனி இல்லை, தங்க வருகிறோம் என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிவிப்பு வேண்டியதில்லை. டிராஜனுக்குப் பின் வந்த ஹேட்ரியன், இதே பாலத்தில் எதிரி இந்தப் பக்கம் வந்துவிடுவானோ என்று மேல்கட்டை அகற்றினான்.

டெசிபலஸ் எப்படி இறந்தான்?

106-ல் சார்மிசெகெதூசா விழுந்தது. மலையுச்சி நகரத்துக்குத் தண்ணீர் சுடுமண் குழாய்களில் வந்தது. ரோமானியர் அதை அறுத்தார்கள் என்று பலரும் கருதுகிறார்கள். தூணில் ஒரு காட்சி: பெரிய அண்டாவைச் சுற்றி டேசியர்கள், கிண்ணங்களை நீட்டுகிறார்கள், பக்கத்தில் சிலர் சுருண்டு கிடக்கிறார்கள். அண்டாவில் இருப்பது விஷமா, கடைசித் தண்ணீரா என்று இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை.

டெசிபலஸ் சிலரோடு தப்பி மலைகளுக்குள் ஓடினான். குதிரைப்படை துரத்தியது. தூணின் உச்சிக்குப் பக்கத்தில் அந்தக் காட்சி இருக்கிறது: மரத்தடியில் மண்டியிட்ட அரசன், தலையில் கூம்புத் தொப்பி, வளைந்த கத்தியைத் தன் கழுத்துக்குக் கொண்டுபோகிறான், குதிரை மேலிருந்து ஒருவன் கையை நீட்டுகிறான்.

கை நீட்டியவன் யார்? 1965-ல் கிரேக்கத்தில், பழைய ஃபிலிப்பி நகருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பதில் கிடைத்தது. டைபீரியஸ் கிளாடியஸ் மாக்சிமஸ் என்ற ஓய்வுபெற்ற குதிரைவீரன், தான் உயிரோடு இருக்கும்போதே தனக்கு எழுப்பிக்கொண்ட கல்லறைக்கல். நம் நடுகல் மாதிரிதான், ஆனால் ஊரார் நட்டதில்லை, அவனே நட்டது. மேலே சிற்பம்: பாய்கிற குதிரை, கீழே சாய்கிற மனிதன், கையிலிருந்து நழுவும் வளைந்த கத்தி. கீழே பணி வரலாறு. அதில் ஒரு வரி: டெசிபலஸைப் 'பிடித்து', அவன் தலையை ரானிஸ்டோரம் என்ற இடத்தில் டிராஜனிடம் சேர்த்ததற்காகப் பதவி உயர்வு பெற்றேன்.

பிடித்தேன் என்கிறான். டியோவோ, பிடிபடும் நிலை வந்ததும் டெசிபலஸ் தற்கொலை செய்துகொண்டான் என்கிறார். தூணும் அதையே காட்டுகிறது. எட்டிப் பிடிப்பதற்குள் கழுத்தை அறுத்துக்கொண்டான், மாக்சிமஸுக்குக் கிடைத்தது தலைதான் என்று படித்தால் மூன்றும் பொருந்திவிடும். ரோமுக்கு உயிரோடு வேண்டியிருந்தான். வெற்றி ஊர்வலத்தில் சங்கிலியோடு நடத்திப் பிறகு கொல்வது அவர்கள் வழக்கம். அது கிடைக்கவில்லை. தலை மட்டும் ரோம் போனது. குற்றவாளிகளின் உடலை வீசும் கெமோனியப் படிக்கட்டில் போடப்பட்டது.

ஆற்றுக்கு அடியில் புதையல் வைத்தான் என்பது கட்டுக்கதையா?

டியோ சொல்வது: கைதிகளை வைத்து சார்கெதியா ஆற்றைத் திருப்பி, படுகையில் குழி தோண்டி, பொன்னும் வெள்ளியும் புதைத்து, மேலே கல் போட்டு மூடி, ஆற்றைப் பழையபடி விட்டான். வேலை செய்த கைதிகளை வாய்திறக்காமலிருக்கக் கொன்றான். அவனுடைய தோழன் பிசிலிஸ் பிடிபட்டு இடத்தைக் காட்டிக்கொடுத்தான்.

புதையல் உண்மை, ஆற்றுக் கதை எவ்வளவு உண்மை என்று அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். டிராஜனின் மருத்துவர் கிரிட்டோன் எழுதியதாக ஆறாம் நூற்றாண்டு எழுத்தாளர் ஒருவர் தரும் கணக்கு ஐம்பது லட்சம் ரோமன் பவுண்டு தங்கம். அது 1,600 டன்னுக்கு மேல், நம்ப முடியாது. பத்தில் ஒரு பங்கு என்றால்கூட 160 டன்னுக்கு மேல் வருகிறது. எப்படியும், டிராஜனின் பெரிய சதுக்கமும் அந்தத் தூணும் எழுந்தது இந்தப் போரின் கொள்ளையில்தான்.

எல்லாவற்றையும் ரோமானியர் எடுக்கவில்லை. சார்மிசெகெதூசாவைச் சுற்றிய காட்டில் கனமான தங்க வளையல்கள், பாம்புச் சுருள் வடிவில், புதைந்து கிடந்தன. சமீப காலத்தில் கள்ளத்தனமாகத் தோண்டியவர்கள் எடுத்து வெளிநாட்டுக்கு விற்றார்கள். 13 வளையல்களை ருமேனியா மீட்டது. அவற்றில் மூன்று 2025 ஜனவரியில் நெதர்லாந்தின் அஸென் நகரில் கண்காட்சிக்குப் போயிருந்தபோது, வெடிவைத்துக் கதவை உடைத்த திருடர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்?

முழுக்க எதிரி வாயிலாக. டியோவின் நூலில் இந்தப் பகுதி பிற்காலச் சுருக்கமாகத்தான் மிஞ்சியது. டிராஜனே இந்தப் போரைப் பற்றி ஒரு நூல் எழுதினான். அதில் இன்று இருப்பது ஐந்தே லத்தீன் சொற்கள், 'அங்கிருந்து பெர்சோபிஸ், பிறகு ஐசிஸ் போனோம்' என்று. அதுவும் ஒரு இலக்கண ஆசிரியர் உதாரணத்துக்கு எடுத்துப் போட்டதால் பிழைத்தது. டேசியர் பக்கத்திலிருந்து நூல் எதுவும் இல்லை. சார்மிசெகெதூசாவில் கிடைத்த ஒரு பெரிய மண்பாண்டத்தில் 'டெசிபலஸ் பெர் ஸ்கோரிலோ' என்று முத்திரை குத்தியிருக்கிறது. ஸ்கோரிலோவின் மகன் டெசிபலஸ் என்று பலர் படிக்கிறார்கள். அரசனா, அதே பெயருள்ள குயவனா என்று கேட்பவர்களும் உண்டு.

இந்தியாவுக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு?

ஒரே ஒரு வரி. வெற்றியோடு டிராஜன் ரோம் திரும்பியபோது பல நாட்டுத் தூதர்கள் வந்தார்கள், அவர்களில் இந்தியர்களும் உண்டு என்கிறார் டியோ. அடுத்த வரியிலேயே 123 நாள் கொண்டாட்டம், 11,000 விலங்குகள் கொலை, 10,000 கிளாடியேட்டர்கள் மோதல் என்று போகிறது. எந்த அரசன் அனுப்பினான் என்று அவர் எழுதவில்லை. எனவே சேரனா பாண்டியனா என்று கிளம்ப வேண்டாம்.

இப்போது அங்கே என்ன பார்க்கலாம்?

சார்மிசெகெதூசாவும் வேறு ஐந்து டேசியக் கோட்டைகளும் 1999-லிருந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்கள். காட்டு நடுவே வட்டக் கோயிலின் தூண் அடிகள், பெரிய கல்வட்டம். டான்யூப் கரையில் ஒர்ஷோவா பக்கத்தில் ஒரு பாறை முழுக்க டெசிபலஸின் முகம், சுமார் 40 மீட்டர் உயரம், 2004-ல் முடிந்தது. அடியில் லத்தீனில், அரசன் பெயரோடு, செலவு செய்த தொழிலதிபர் பெயரும் வெட்டியிருக்கிறது. தாடியும் முறைப்பும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தன்னை வென்றவனின் மொழியில் பெயர்ப் பலகை மாட்டிக்கொண்டு நிற்கிறான். ருமேனிய மொழியே லத்தீனின் வாரிசு என்பதால் அங்கே யாருக்கும் இது விசித்திரமாகப் படுவதில்லை.

போருக்குப் பிறகு டேசியர்கள் என்ன ஆனார்கள்?

நாடு ரோமன் மாகாணமானது. வெளியிலிருந்து குடியேற்றக்காரர்கள் வந்தார்கள், தங்கச் சுரங்கங்கள் திறந்தன, சமவெளியில் அதே சார்மிசெகெதூசா பெயரில் புது ரோமானியத் தலைநகரம் எழுந்தது. 270-களில் பேரரசன் ஆரேலியன் படையை விலக்கிக்கொள்ளும்வரை இது நீடித்தது.

டேசிய இளைஞர்கள் பலரை ரோம் தன் படைக்கே எடுத்துக்கொண்டது. ஒரு டேசியப் பிரிவு பேரரசின் மறுகோடியில், பிரிட்டனின் வடக்கே ஹேட்ரியன் சுவரில், பர்டாஸ்வால்டு கோட்டையில் தலைமுறைகளாகக் காவல் இருந்தது. அங்கே அவர்கள் பொறித்த ஒரு கல்வெட்டின் ஓரத்தில் அரிவாள் செதுக்கியிருக்கிறது. அதே கோட்டையில் குழந்தைகளுக்கான கல்லறைக்கல் ஒன்றும் கிடைத்தது. அதில் ஒரு குழந்தையின் பெயர் டெசிபலஸ்.